'ஹுப்பொதாஸ்ஸோ': புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் அதிகாரத்திற்கு அடங்குதலைக் குறிக்கும் வினையும் அதன் தமிழ்ப் பெயர்ப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அதிகாரத்திற்கு உட்படுதலைக் குறிக்க 'ஹுப்பொதாஸ்ஸோ' என்னும் வினை பரவலாக ஆளப்படுகிறது. தமிழ் விவிலியப் பெயர்ப்புகளில் இவ்வினையும், 'ஹுப்பகூவோ', 'பெய்தார்கேயோ' ஆகிய வேறு இரு வினைகளும் பெரும்பாலும் 'கீழ்ப்படி' என்ற ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்டுள்ளன. இதனால் மூலத்தில் உள்ள பொருள் வேறுபாடுகள் சில மறைகின்றன. மூலத்தில் இல்லாத முரண் ஒன்றும் தோன்றுகிறது. ரோமர் 13:1–5 பகுதியை மையமாகக் கொண்டு அவ்வினையின் சொல்லமைப்பு, வினைப்பாங்கு, பயன்பாட்டுப் பரப்பு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 'கீழ்ப்படி', 'அடங்கு', 'பணி', 'அமர்' ஆகிய தமிழ் வினைகள் அப்பொருளை எவ்வளவு தாங்குகின்றன என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: விவிலியத் தமிழ், மொழிபெயர்ப்பியல், சொற்பொருளியல், கீழ்ப்படிதல், அடக்கம், ரோமர் 13

முன்னுரை

அரசுக்கு அடங்கியிருத்தல் பற்றிப் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய சில வரிகள், பிற்கால அரசியல் வரலாற்றில் அவற்றின் அளவுக்கு மிஞ்சிய இடத்தைப் பெற்றன. 1525ஆம் ஆண்டு செருமானிய உழவர் எழுச்சியின்போது மார்ட்டின் லூதர் கிளர்ச்சியாளருக்கு எதிராக இவ்வரிகளைக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு எதிராக 1985இல் வெளியான கைரோஸ் ஆவணம், இதே பகுதி அரசின் கொடுமைக்கு அரணாக்கப்படுவதை 'அரசு இறையியல்' எனப் பெயரிட்டுக் கண்டித்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிடக்கின்றன. வழக்கின் நடுவில் நிற்பதோ ஒரே வினைச்சொல். அச்சொல்லுக்கு 'மறுபேச்சின்றி ஏவல் செய்' என்பது பொருளா, 'உனக்குரிய இடத்தில் நில்' என்பது பொருளா என்னும் வினா வெறும் அகராதி வினா அன்று.

தமிழ் வாசகருக்கு இவ்வினாவில் தனி அக்கறை உண்டு. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சு நிறைவுற்றது. அதனைத் தொடர்ந்து பெப்ரீசியஸ், இரேனியஸ் ஆகியோர் பெயர்ப்புகளும், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழு விவிலியமாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதலும் எழுந்தன. இன்று 'பழைய திருப்புதல்' என வழங்கும் இந்த 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டு மொழியாக நிலைத்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளியாயிற்று. இவ்விரண்டுமே இங்கு ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. கிரேக்கச் சொற்கள் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

சொல்லமைப்பும் பயன்பாட்டுப் பரப்பும்

'ஹுப்போ' என்பது 'கீழ்' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'தாஸ்ஸோ' என்பது ஒழுங்குபட நிறுத்துதல், வரிசையில் அமைத்தல், அணிவகுத்தல் என்னும் பொருளது. ஏதென்சின் படையில் குலப்பிரிவு ஒவ்வொன்றும் 'தாக்ஸிஸ்' எனப்பட்டது. அதன் தலைவன் 'தாக்ஸியார்கோஸ்'. எனவே 'ஹுப்பொதாஸ்ஸோ' என்பதைச் சொல்லுக்குச் சொல் விரித்தால் 'ஓர் ஒழுங்கினுள் கீழிடத்தில் நிறுத்து' என்றாகும்.

மேடைப் பேச்சுகளிலும் வேதபாட நூல்களிலும் இச்சொல் 'படைத்துறைச் சொல்' என்று அடிக்கடி அறிமுகப்படுத்தப்படுகிறது. அவ்வளவில் நிறுத்துவது போதாது. பண்டைய எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஆவணங்களில், ஒரு மடலின் படி கீழே இணைக்கப்பட்டுள்ளது என்று அறிவிக்க எழுத்தர்கள் இதே வினையைத்தான் கையாண்டனர். அங்கே அணியும் இல்லை, அதிகாரமும் இல்லை, தாளின் கீழ்ப்பகுதி மட்டுமே உண்டு. இலக்கணத்துறையிலும் இச்சொல்லுக்கு வாழ்வு உண்டு. தியோனீசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம், பெயர்க்கு முன் வரும் சார்படையை 'முன் நிறுத்தப்படுவது' என்றும், பின் வரும் தொடர்புச் சொல்லை 'ஹுப்பொதாக்திகோன்', அதாவது பின் நிறுத்தப்படுவது என்றும் பிரிக்கிறது. தலைமை வினையைச் சார்ந்து நிற்கும் வினைப்பாங்கு ஒன்றும் இதே வேரால் பெயர் பெற்றது. முற்றினை நோக்கி நிற்கும் தமிழின் எச்சத்தை அறிந்தோர்க்கு இப்பெயரீடு வியப்பளிக்காது. எச்சம் முற்றின் ஏவலாள் அன்று. ஆயினும் முற்று இன்றி அதற்கு நிற்க இடம் இல்லை.

சொல்லின் பிறப்பிலிருந்தே அதன் பொருளைக் கறக்கும் போக்கினை ஜேம்ஸ் பார் தமது 'விவிலிய மொழியின் சொற்பொருளியல்' நூலில் (1961) கடுமையாக விமர்சித்தார். அவ்விமர்சனம் இங்கும் பொருந்தும். பவுலின் கடிதம் வாசிக்கக் கேட்ட ரோமாபுரி மக்கள், இச்சொல் காதில் விழுந்தபோதெல்லாம் படைவரிசையை நினைத்தனர் என்று கொள்ளச் சான்று இல்லை. வேரின் பொருளைச் சொல்லின் பொருளாக ஏற்றுவது ஒன்று. ஒரே பத்தியில் ஒரே வேரை ஆசிரியர் திரும்பத் திரும்ப ஆள்வதைக் கவனிப்பது வேறொன்று. முன்னதைத் தவிர்ப்போர் பின்னதையும் கைவிட வேண்டியதில்லை.

விருப்பம் வினையில் உள்ளதா?

'ஹுப்பொதாஸ்ஸோ' என்பதன் செய்வினை வடிவம் புதிய ஏற்பாட்டில் சில இடங்களில் மட்டுமே வருகிறது: 1 கொரிந்தியர் 15:27, எபேசியர் 1:22, பிலிப்பியர் 3:21, எபிரெயர் 2:5, 8 முதலியன. அவ்விடங்களில் எழுவாய் கடவுளோ கிறிஸ்துவோதான். 'உன் மனைவியைக் கீழ்ப்படுத்து' என்று கணவனுக்கோ, 'குடிகளைக் கீழ்ப்படுத்து' என்று ஆள்வோனுக்கோ இவ்வினையால் ஏவல் எங்கும் இல்லை. கீழிருப்போரை நோக்கியே ஏவல் எழுகிறது. 1 தீமோத்தேயு 3:4இல் பிள்ளைகளை அடக்கத்தில் வைத்திருக்கும் தந்தையைப் பற்றிய குறிப்பு இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் அங்கு வருவது இவ்வினையின் பெயர்ச்சொல் வடிவம்.

எஞ்சிய இடங்களில் கிரேக்கத்தின் இடைப்பாங்கும் செயப்பாட்டுப் பாங்கும் பயில்கின்றன. நிகழ்காலத்தில் இவ்விரண்டிற்கும் உருவம் ஒன்றே. 'தன்னைத் தானே கீழ் நிறுத்திக்கொள்' எனவும் கொள்ளலாம். 'கீழ் நிறுத்தப்படு' எனவும் கொள்ளலாம். இவ்விருபொருள் நிலையைப் பற்றிக்கொண்டு, இச்சொல் 'தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்தல்' என்பதையே குறிக்கும் என வாதிடுவோர் உளர். நல்ல நோக்கத்தோடு எழும் வாதமே ஆயினும், சான்றுகள் அதைத் தாங்கவில்லை. லூக்கா 10:17இல் பிசாசுகள் சீடர்க்கு அடங்குகின்றன. அவை விரும்பி அடங்கின என்று யாரும் சொல்லார். ரோமர் 8:20இல் படைப்பு மாயைக்கு உட்பட்டது கூறப்படுகிறது; அங்கே 'தன் விருப்பத்தால் அன்று' என்னும் அடை வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. விருப்பம் வினையிலேயே அடங்கியிருந்தால் அவ்வடை முரணாகிவிடும். ஆகவே விருப்பம் இவ்வினையின் அகராதிப் பொருள் அன்று. கேட்போர் மனிதராகவும் வினை ஏவலாகவும் அமையும்போது சூழலால் விளையும் பொருள் அது.

இவ்விடத்தில் தமிழ் கிரேக்கத்தினும் நுட்பமாகப் பிரிக்க வல்லது. 'கீழ்ப்படிந்தான்', 'கீழ்ப்பட்டான்', 'கீழ்ப்படுத்தினான்' என்னும் மூன்றும் வெவ்வேறு வினைகள். பழைய திருப்புதல் இம்மூன்றையும் கருத்தோடு கையாண்டுள்ளது. படைப்பைப் பற்றிய இடத்தில் 'கீழ்ப்பட்டிருக்கிறது' என்றும், கடவுள் எழுவாயாகும் இடத்தில் 'கீழ்ப்படுத்தினார்' என்றும், மனிதரை ஏவும் இடங்களில் 'கீழ்ப்படியுங்கள்' என்றும் பெயர்த்துள்ளது. கிரேக்கம் ஒரே உருவில் மூடிவைத்ததைத் தமிழ் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பிசாசுகளுக்கு மட்டும் 'கீழ்ப்படிகிறது' என்று மனிதர்க்குரிய வினையை அப்பெயர்ப்பு தந்திருப்பது சிறு விலகல்.

ரோமர் 13: ஒரே வேரின் ஐந்து வடிவங்கள்

ரோமர் 13:1–5 பகுதியில் 'தாஸ்ஸோ' வேரின் வடிவங்கள் ஐந்து முறை வருகின்றன. முதல் வசனத்தில் ஒவ்வொருவரும் மேலான அதிகாரங்களுக்கு உட்பட வேண்டும் என்னும் இடத்தில் 'ஹுப்பொதாஸ்ஸெஸ்தோ'. அதே வசனத்தின் இறுதியில், உள்ள அதிகாரங்கள் கடவுளால் அமைக்கப்பட்டவை என்னும் இடத்தில் 'தெதக்மெனாய்'. இரண்டாம் வசனத்தில் எதிர்த்து நிற்பவனுக்கு 'அந்தித்தஸ்ஸொமெனோஸ்', அதாவது எதிரணியில் தன்னை நிறுத்திக்கொள்பவன். அவன் எதிர்ப்பது கடவுளின் 'தியதகே', அதாவது அவர் வகுத்த ஒழுங்கு. ஐந்தாம் வசனத்தில் மீண்டும் முதல் வினை, வினையெச்ச வடிவில்.

ஆள்வோனின் நிலையும் ஆளப்படுவோனின் நிலையும் ஒரே வேரால் சொல்லப்படுகின்றன என்பதே இங்கு கவனத்திற்குரியது. குடிமகன் கீழ் நிறுத்தப்படுகிறான், அதிகாரமும் நிறுத்தப்பட்டதே. நிறுத்துபவர் வேறொருவர். முன்னொட்டுகளிலும் ஓர் ஒலி விளையாட்டு இருப்பதாகக் கொள்ள இடமுண்டு. அதிகாரங்களுக்கு 'மேல்' என்னும் பொருளுடைய 'ஹுப்பேர்' அடையாக வருகிறது. அவை 'ஹுப்போ' கடவுள் அமைக்கப்பட்டவை எனப்படுகின்றன. பின்னதில் 'ஹுப்போ' என்பது 'ஆல்' என்னும் கருவிப்பொருளில்தான் வருகிறது. 'கீழ்' எனப் பெயர்த்தல் இலக்கணப் பிழையாகும். ஆயினும் வாய்விட்டு வாசிக்கும்போது, குடிமகனைக் குறித்த வினையின் இரு உறுப்புகளும் அதிகாரத்தைக் குறித்த தொடரில் பிரிந்து நின்று ஒலிப்பதைக் காது தவறவிடாது.

பழைய திருப்புதலில் இந்த ஐந்தும் மூன்று குழுக்களாகப் பிரிகின்றன. உட்படுதலைக் குறிக்கும் இரண்டும் 'கீழ்ப்படி'. அமைத்தலும் ஒழுங்கும் 'நியமி', 'நியமம்'. எதிர்நிற்றல் 'எதிர்த்து நில்'. 'நியமி – நியமம்' இணையைக் காத்தது அப்பெயர்ப்பாளரின் செவிநுட்பத்திற்குச் சான்று. ஆனால் 'கீழ்ப்படி' அந்த இணையிலிருந்து அறுந்துவிட்டது. இரண்டாம் வசனத்தில் எதிர்த்தலைக் குறிக்கக் கிரேக்கம் இரு வேறு வினைகளை ஆள்கிறது: முதலாவது 'தாஸ்ஸோ' வேரினது, அடுத்தது 'எதிரே நில்' என்னும் பொருளுடைய 'அந்தெஸ்தேகென்'. தமிழில் இரண்டும் 'எதிர்த்து நில்' ஆகிவிட்டன. எனவே ஆள்வோனும் குடிமகனும் கிளர்ச்சியாளனும் ஒரே ஒழுங்கின் மூன்று நிலைகளாக மூலத்தில் காட்சி தருவது, தமிழ் வாசகருக்கு மேல்–கீழ் என்னும் இருமுனை உறவாக மட்டுமே எட்டுகிறது.

வேறோர் இடத்தில் தமிழ் தானாக ஓர் இணைப்பைப் படைத்துக்கொண்டது. கிரேக்கத்தின் படர்க்கை ஏவலுக்குப் பழைய திருப்புதல் '–க்கடவன்' ஈற்றைத் தந்துள்ளது. தொல்காப்பியம் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரித்தாக்காது படர்க்கையில் நிறுத்த, நன்னூல் அதனை எல்லா இடத்திற்கும் பாலுக்கும் விரித்தது. அவ்வியங்கோள் ஈறுகளுக்கு மாற்றாக 'கடவன்' வந்தபோது, கடன் என்னும் பொருளும் கூடவே வந்தது. ஏழாம் வசனம் வரி முதலியவற்றைச் செலுத்தவேண்டிய 'கடமைகள்' என்கிறது. முதல் வசனத்தின் ஏவலும் ஏழாம் வசனத்தின் கடனும் ஒரே அடிச்சொல்லால் இணைவது மூலத்தில் இல்லாத தமிழ்ப்பேறு.

கேட்டலும் கீழ்ப்படிதலும்

'ஹுப்பகூவோ' என்பது 'கேள்' என்னும் பொருளுடைய 'அகூவோ'விலிருந்து பிறந்தது; செவிசாய்த்து அதன்படி செய்தலைக் குறிக்கும். கடலும் காற்றும் இயேசுவின் சொல்லுக்கு அடங்கும் இடத்திலும் (மாற்கு 4:41), பிள்ளைகள் பெற்றோர்க்கு நடந்துகொள்ள வேண்டிய முறையிலும் (எபேசியர் 6:1) இவ்வினை வருகிறது. அப்போஸ்தலர் 12:13இல், கதவு தட்டும் ஓசைக்கு யாரென்று பார்க்க வரும் ரோதை என்னும் பெண்ணின் செயலுக்கும் இதே வினைதான். தமிழின் 'சொல் கேள்' என்னும் வழக்கு இதற்கு முற்றிலும் இணையானது. 'அந்தப் பையன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான்' என்பதில் செவித்திறன் குறைபாட்டை யாரும் காண்பதில்லை.

எபேசியர் 5, 6ஆம் அதிகாரங்கள் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. 5:21இல் ஒருவர்க்கொருவர் உட்படுதல் என்னும் பொதுவான ஏவல் 'ஹுப்பொதாஸ்ஸோ'வால் அமைகிறது. 5:22இல் மனைவியரை நோக்கிய கூற்றுக்குப் பாப்பிரஸ் 46, வத்திக்கான் சுவடி ஆகிய பழைய படிகளில் தனி வினையே இல்லை. முன் வசனத்தின் வினையே அங்கும் செல்லும். பிள்ளைகளுக்கும் அடிமைகளுக்கும் வரும்போது வினை 'ஹுப்பகூவோ' என மாறுகிறது. பழைய திருப்புதல் எல்லா இடத்தும் 'கீழ்ப்படி' எனப் பெயர்த்து, மனைவியையும் பிள்ளையையும் ஒரே வினையின் கீழ்க் கொணர்ந்தது. திருவிவிலியம் மனைவியருக்குப் 'பணிந்திரு' என்றும் பிள்ளைகளுக்குக் 'கீழ்ப்படி' என்றும் பிரித்தது.

எனினும் இவ்விரு வினைகளுக்கும் இடையே மதில் எழுப்ப முயல்வது பிழை. 1 பேதுரு 3:5–6இல் முற்காலப் பெண்டிர் கணவர்க்கு 'ஹுப்பொதாஸ்ஸோ' செய்ததற்குச் சாராள் சான்றாக நிறுத்தப்படுகிறாள். அவள் ஆபிரகாமுக்குச் செய்ததோ 'ஹுப்பகூவோ'. கொலோசெயர் 3:22இல் அடிமைகட்கு 'ஹுப்பகூவோ' எனக் கூறப்பட, தீத்து 2:9இல் அவர்கட்கே 'ஹுப்பொதாஸ்ஸோ' கூறப்படுகிறது. எதிர்த்துப் பேசாமை என்னும் அடையும் உடன் வருகிறது. (இவ்விடங்களில் 'அடிமை' எனத் தக்க சொல்லைப் பழைய திருப்புதல் 'வேலைக்காரர்' என மென்மையாக்கியது தனி ஆய்வுக்குரியது.) ஒழுங்கில் கீழிடத்தை ஏற்றவர் பெரும்பாலும் ஏவலையும் செய்வார் என்பதே அக்கால இல்லறச் சட்டங்களின் எதிர்பார்ப்பு.

மூன்றாவது வினை 'பெய்தார்கேயோ'. இணங்குதலைக் குறிக்கும் 'பெய்தொமாய்', ஆட்சியைக் குறிக்கும் 'அர்கே' ஆகியவற்றின் கூட்டு இது. சோபக்ளீசின் 'அந்திகோனே' நாடகத்தில் மன்னன் கிரெயோன் புகழ்ந்துரைக்கும் பண்பு இதன் பெயர்ச்சொல் வடிவமே. அப்போஸ்தலர் 5:29இல், மனிதரைவிடக் கடவுளுக்கே இணங்கவேண்டும் எனப் பேதுருவும் பிறரும் ஆலோசனைச் சங்கத்தின் முன் கூறும் விடையில் இவ்வினை வருகிறது. பிளேட்டோ எழுதிய சாக்ரட்டீசின் மறுமொழியில், ஏதென்சு நீதிமன்றத்தின் முன் அவர் கூறும் விடையும் 'பெய்தொமாய்' வினையில் அமைந்ததை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர்.

தமிழில் ரோமர் 13:1, அப்போஸ்தலர் 5:29 இரண்டிலும் 'கீழ்ப்படி' வருகிறது. ஓரிடத்தில் அதிகாரத்திற்குக் கீழ்ப்படி. மற்றோரிடத்தில் மனிதர்க்குக் கீழ்ப்படியாதே. இந்த நேர்முரண் கிரேக்கத்தில் சொல்லளவில் இல்லை. இவ்வேறுபாட்டின் மீதே ஜான் ஹோவர்ட் யோடர் தமது 'இயேசுவின் அரசியல்' நூலில் (1972) ஒரு வாதத்தை எழுப்பினார். மனச்சான்றுக்கு மாறான ஏவலைச் செய்ய மறுத்து, அதற்கு அரசு தரும் தண்டனையை ஏற்பவன், ஏவலுக்கு இணங்காதவனாயினும் ஒழுங்கிற்கு உட்பட்டவனே என்பது அவர் கொள்கை. அடியுண்டு வெளியேறி மறுநாளும் போதித்த அப்போஸ்தலரின் நடத்தை (5:40–42) இதற்குப் பொருந்துகிறது. ஆனால் தீத்து 3:1 இவ்விரு வினைகளையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஆட்சிகளுக்கும் அதிகாரங்களுக்கும் இரண்டையும் செய்யச் சொல்கிறது. யோடரின் பிரிப்பு பவுலின் பத்தியை விளக்க உதவும். அகராதி விதியாக உயர்த்தினால் நில்லாது.

தீத்து 3:1இல் பழைய திருப்புதல் என்ன செய்தது என்பது சுவையானது. வழக்கமான 'கீழ்ப்படி' ஒன்றே அங்குப் போதவில்லை. 'கீழ்ப்படிந்து அடங்கியிருக்க' என இரு வினைகள் வந்தன. நெருக்கடி நேர்ந்தபோது மொழி தன் இரண்டாம் சொல்லை எடுத்துக்கொடுத்தது.

எழுபதின்மர் பெயர்ப்பும் 'அடங்க'லும்

எபிரேய வேதத்தின் பழைய கிரேக்கப் பெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பில் 'ஹுப்பொதாஸ்ஸோ' எதிர்பாராத ஓர் இடத்தில் வருகிறது. சங்கீதம் 37:7, 62:1, 62:5 ஆகியவற்றில் எபிரேயம் கடவுள்முன் மௌனமாய் இருத்தலைக் குறிக்கிறது. கிரேக்கப் பெயர்ப்பாளர் அங்கே 'உட்படு' என்னும் வினையை இட்டனர். பழைய திருப்புதல் எபிரேயத்தைப் பின்பற்றி 'அமர்ந்திரு' என்று பெயர்த்தது. மௌனத்திற்கும் உட்படுதலுக்கும் கிரேக்கப் பெயர்ப்பாளர் கண்ட இவ்வுறவைத் தமிழர் எளிதில் ஏற்பர். 'ஊர் அடங்கியது', 'வாயடங்கினான்', 'பெரியோர்க்கு அடங்கினான்' என ஒரே வினை ஒலியின் ஒடுக்கத்தையும் அதிகாரத்திற்கு உட்படுதலையும் தாங்குகிறது. நிகண்டுகள் பகைவரை 'அடங்கார்' என்பதும், திருக்குறள் அடக்கத்தைப் பிறர்முன் குனிதலாகக் கொள்ளாது தன்னை ஆளும் உடைமையாகக் கொண்டு ஓர் அதிகாரம் வகுத்திருப்பதும் இச்சொல்லின் இரு எல்லைகள்.

இவ்வுறவு 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் நடைமுறை விளைவு பெறுகிறது. 32ஆம் வசனத்தில் தீர்க்கதரிசிகளின் ஆவிகளுக்குப் பழைய திருப்புதல் 'அடங்கியிருக்கிறது' என்கிறது. இரண்டு வசனங்கள் கடந்து, சபையில் பெண்கள் பேசுதல் பற்றிய இடத்தில் அதே கிரேக்க வினைக்கு 'அமர்ந்திருக்க' எனப் பெயர்க்கிறது. இறைவாக்கினன் தன் ஆவேசத்தைத் தானே ஆளும் தன்னடக்கமும், பெண்ணுக்கு விதிக்கப்படும் வாயடக்கமும் மூலத்தில் ஒரே வினை என்பதைத் தமிழ் மட்டும் வாசிப்போர் அறிய வழியில்லை. அறிந்தால், பின்னதற்கு முன்னதன் ஒளியில் பொருள்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கும் கிட்டும்.

படிதலும் அமைத்தலும்

'கீழ்ப்படி' என்பதில் உள்ள 'படி' படிதல் தொழிலது. நீரில் வண்டல் படிகிறது, எண்ணெய் இட்ட முடி படிகிறது, தூசு படிகிறது. இவற்றுள் எதற்கும் படியச் செய்வோர் ஒருவரைச் சொல் வேண்டி நிற்பதில்லை. கனமுள்ளது கீழே செல்லும், அது இயற்கை. கிரேக்க வினையிலோ நிறுத்துவோர் ஒருவர் உள்ளுறையாக இருக்கிறார். 'கீழ்ப்படி' என்பதில் மேலோன், கீழோன் என இருவர். 'ஹுப்பொதாஸ்ஸோ'வில் மேலோன், கீழோன், இருவரையும் அவ்வவ்விடத்தில் அமைத்தவர் என மூவர். மூன்றாமவர் மறைந்தால் கீழ்மை இயற்கையாகத் தோன்றும். சாதிப் படிநிலையில் பிறப்பே கீழ்மையை விதித்த ஒரு சமூகத்தில் இவ்வேறுபாட்டின் எடை மிகுதி.

'பணி' இதைவிட நயமானது. பணிவில் பணிவோனின் பண்பு தெரிகிறது. ஆனால் ஒழுங்கு என்னும் கருத்து அதிலும் இல்லை. படைநூற் பொருளில் 'அணி' மிக நெருங்கியது. கீழணி நிற்றல், எதிரணி நிற்றல், அணிப்படுத்தல் எனப் பவுலின் ஐந்து வடிவங்களையும் அச்சொல்லால் கோக்கலாம். இக்காலத் தமிழில் 'அணி' கட்சிப் பிளவையும் விளையாட்டுக் குழுவையும் நினைவூட்டுவதால் வழிபாட்டு வாசிப்பில் அது இடறும். 'முறை' என்னும் சொல் வாய்ப்புடையது. ஒழுங்கு, உறவு, நீதி மூன்றையும் அது குறிக்கும். 'முறைசெய்தல்' என்பது அரசன் நீதி வழங்குதலுக்கே உரிய பழந்தமிழ் வழக்கு. 'முறைக்கு உட்படுக', 'முறைப்படுத்தப்பட்டவை', 'முறைக்கு மாறாய் நிற்பவன்', 'கடவுள் வகுத்த முறை' எனப் பெயர்த்தால் வேரின் தொடர்ச்சி காதுக்கு எட்டும். ஆள்வோனும் முறைக்கு உட்பட்டவன் என்பது தமிழ் வாசகருக்கு விளக்கவுரை இன்றியே விளங்கும். 'முறை' என்ற சொல்லைக் கேட்டதும் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனை நினைக்கும் மரபு அது.